நம் லயத்துக்கும் பாதீட்டில் பங்கு வேண்டும்

மழை பிடித்தால் லயத்துக் கான் நிரம்பி வழிகிறது. பீலிக்குப் போகும் படி வழுக்குகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாதை சேறாகிறது. இதையெல்லாம் துரையிடம் சொல்கிறோம்; தலைவரிடம் சொல்கிறோம்; வாக்குக் கேட்டு வருபவரிடமும் சொல்கிறோம். பிரதேச சபைக்கு மட்டும் எழுதிக் கொடுப்பதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமங்களைப் பாருங்கள், தோழர்களே. அங்கே ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் உண்டு. பத்திரிகை வாசிப்பதும் அங்கேதான், ஊர்க்கூட்டம் கூடுவதும் அங்கேதான். அது உள்ளூராட்சி சபையில் பதிவு பெற்ற அமைப்பு. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் வேறாக இருக்கின்றன. ஒழுங்கை திருத்த வேண்டுமா, வெள்ள வாய்க்கால் வெட்ட வேண்டுமா, மயானத்துக்குப் பாதை போட வேண்டுமா என்று கூட்டத்தில் பேசி, எது முதலில் என்று தீர்மானித்து, கூட்டக் குறிப்போடு சபைக்கு அனுப்புகிறார்கள். போர் முடிந்தபின், 2010இல் உலக வங்கி நிதியோடு வடக்கு கிழக்கில் தொடங்கிய ‘நெல்சிப்’ திட்டமும் மக்களைக் கூட்டித் தேவைகளைக் கேட்கும் முறையைத்தான் வைத்தது.

குடாநாடு சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. அங்கும் காணியில்லாதவர்களின், ஒடுக்கப்பட்ட சாதியினரின் குடியிருப்புகள் பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்படுவதுண்டு. ஆனால் கேட்பதற்கு ஒரு வாசல் இருக்கிறது. நமக்கு அந்த வாசலே நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்றார்கள். நம் வாக்கு வேண்டும், நம் பாதை வேண்டாம். முப்பது வருடம் இப்படியே போனது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது.

சபைகளின் எண்ணிக்கையிலும் அநீதி இருந்தது. 2012 குடிசனக் கணக்கின்படி யாழ் மாவட்டத்தில் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். உள்ளூராட்சி சபைகள் 17. ஐயாயிரம் பேர்கூட இல்லாத நெடுந்தீவுக்கும் தனிச் சபை உண்டு. அதில் தவறில்லை, தீவு மக்களுக்கு அது தேவை. நுவரெலியா மாவட்டத்தில் 7 இலட்சத்துக்கு மேல் இருந்தும் பிரதேச சபைகள் ஐந்துதான். போராடிக் கேட்ட பிறகே நுவரெலியா, அம்பகமுவ சபைகள் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் சபைகள் கிடைத்தன.

சட்டம் திருந்தியது, சபையும் வந்தது. இனிக் கேட்க வேண்டியது நாம்.

“இது கம்பனி நிலம்” என்று சொல்வார்கள். நிலம் அரசுடையது, 1992 முதல் கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. நிர்வாகத்தின் சம்மதம் தேவை என்று சபை சொன்னால், அதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது சபையின் வேலை. நமக்குக் காணி உறுதி கிடைக்கும்வரை கானும் பாதையும் காத்திருக்க வேண்டும் என்பது நியாயமில்லை.

“சபையில் காசில்லை” என்றும் சொல்வார்கள். பல சபைகளுக்கு வருமானம் குறைவு என்பது உண்மை. அதனால்தான் இருக்கிற காசு எதற்குப் போகிறது என்பதை மக்கள் சொல்ல வேண்டும். கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளூராட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. கிராம சபையில் மக்கள் கூடித் தேவைகளைச் சொன்னார்கள்.

அடுத்த வருடப் பாதீடு டிசம்பருக்குள் நிறைவேற வேண்டும். அதற்கு முன்னால் ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு கூட்டம் வையுங்கள். கொழுந்து நிறுத்து வந்த பெண்களும் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். பீலித் தண்ணீர் எப்போது நிற்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மூன்று வேலைகளை மட்டும் தெரிவு செய்யுங்கள். எந்த லயத்திலிருந்து எதுவரை, எத்தனை அடி, எத்தனை குடும்பம் என்று எழுதுங்கள். எல்லோரும் கையெழுத்திட்டு, உங்கள் வட்டார உறுப்பினருக்கு ஒரு பிரதியும் தவிசாளருக்கு ஒரு பிரதியும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அறிவித்தாக வேண்டும்.

கடிதம் எழுத ஆளில்லை என்று எந்த டிவிசனும் பின்வாங்க வேண்டாம். நம் பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகள் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். அவர்கள் கையில் பேனாவைக் கொடுங்கள்.