நல்ல மனுஷன்தான், ஆனா...

பெண்ணடிமைத்தனம் பற்றிய கதைன்னாலே குடிச்சிட்டு வந்து அடிக்கிற புருஷன் ஒருத்தன் வந்துடுவான். படிக்கிற ஆம்பளைங்களுக்கு அது ரொம்ப வசதி. "நாம அப்படி இல்லப்பா"ன்னு புத்தகத்தை மூடிடலாம். அந்த வசதியைத் தராத இரண்டு வங்காளச் சிறுகதைகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலாவது, தாகூர் 1914-ல் எழுதிய 'ஸ்திரீர் பத்ர', அதாவது மனைவியின் கடிதம். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் கழித்து, பூரியிலிருந்து மிருணாள் கணவனுக்கு எழுதுகிறாள், இனி திரும்பி வரப்போவதில்லை என்று. அவன் அடிக்கவில்லை. சோறு துணிக்கும் குறைவில்லை. ஆனால் வீட்டை அண்டி வந்த அனாதைப் பெண் பிந்துவை ஒரு பைத்தியக்காரனுக்குக் கட்டி வைத்தார்கள். தப்பி ஓடி வந்தவளுக்கு அந்த வீட்டில் இடமில்லாமல் போனது. கடைசியில் பிந்து தீ வைத்துக்கொண்டு செத்துப்போகிறாள். எல்லாரும் 'ஊர் வழக்கப்படி' நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான். மிருணாள் வெளியேறுவது அந்த வழக்கத்தை விட்டு.

இரண்டாவது, மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' (1978-ல் வந்த 'அக்னிகர்ப' தொகுப்பில் இருக்கிறது). நக்சல் இயக்கத்தில் இருக்கும் சந்தால் பெண் தோப்தி. அவளைப் பிடிக்கும் அதிகாரி சேனாநாயக் நன்றாகப் படித்தவர், எதிரியின் நியாயம்கூடப் புரிந்தவர். ஆனால் சாப்பிடக் கிளம்பும்போது, அவளைக் 'கவனிக்க' உத்தரவு போட்டுவிட்டுத்தான் போகிறார். மறுநாள் காலை, உடுத்தச் சொல்லிக் கொடுத்த துணியை மறுத்துவிட்டு, ரத்தக் காயங்களோடு அவர் முன்னால் வந்து நிற்கிறாள். ஆயுதமில்லாத ஒரு பெண்ணைக் கண்டு அவர் பயப்படுவதோடு கதை முடிகிறது.

2021-ல் டெல்லி பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து 'திரௌபதி'யை எடுத்துவிட்டது. நம்ம பாமா, சுகிர்தராணி எழுத்துக்களையும் சேர்த்துத்தான். எழுதி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் ஒரு சிறுகதை உறுத்துகிறதென்றால், அது சரியான இடத்தில்தான் குத்தியிருக்கிறது.

"அவர் நல்ல மனுஷன்தான்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பிந்து கதவைத் தட்டும்போது அந்த நல்ல மனுஷன் என்ன செய்தான் என்பதுதான் என் கேள்வி. சும்மா இருந்தான் என்றால், அது நல்லதனமில்லை, சம்மதம்.

'திரௌபதி'யை காயத்ரி ஸ்பிவாக் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். படிச்சுட்டுச் சொல்லுங்க, சேனாநாயக்கை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா? நான் நிறையப் பார்த்திருக்கேன்.