விளக்கம் கேட்டு வந்த ஓலை

தனுவச்சபுரத்தைச் சொந்த ஊராக உடைய நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றிலிருந்து சென்ற திங்கள் நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு தந்தையார். மூத்த மகள் செவிலியர் பயிற்சியை முடித்துப் பதிவும் பெற்று, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் பணியேற்று ஐந்து திங்களே ஆகின்றன. ஓர் இரவுப் பணியில், ஒரு படுக்கையில் இருந்தவருக்குச் செலுத்த வேண்டிய ஊசி மருந்தை அடுத்த படுக்கையில் இருந்தவருக்குச் செலுத்திவிட்டாள். உடனே தலைமைச் செவிலியிடம் சொன்னவளும் அவளே. நோயாளிக்குத் தீங்கொன்றும் விளையவில்லை. ஆயினும் மூன்றாம் நாள், "உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?" என்று விளக்கம் கேட்டு ஓலை வந்துவிட்டது. ஏழு நாளில் விடை தரவேண்டும். செய்தி கேட்ட தந்தையார் தொலைபேசியில், "மக்களே, ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு" என்று சொல்லியிருக்கிறார். "நான் சொன்னது சரிதானா?" என்பது அவர் நம்மிடம் கேட்கும் வினா.

அன்பினால் சொன்ன சொல் அது. ஆயினும் சரியன்று.

நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சிற்றூர்களில் இவ்வினா ஒரு வீட்டோடு நிற்பதன்று. அந்நாளில் நெய்யூர் மிஷன் மருத்துவமனையை அறியாத வீடு அங்கே இல்லை. இந்நாளில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும், காரக்கோணம் மருத்துவக் கல்லூரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. நிலத்தை ஈடு வைத்தோ வங்கியில் கடன் பெற்றோ பெண்ணைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அப்படிப் படிக்க வைத்த பிள்ளைக்கு ஓலை வந்தால், அதைத் தீர்ப்பென்றே வீட்டார் எண்ணிவிடுகின்றனர். ஓலை என்பது வினா. தீர்ப்பு அதற்குப் பின்னே வருவது. இடையே விடை சொல்லவும், ஆவணம் பார்க்கவும், சாட்சி கேட்கவும் இடம் உண்டு. ராஜினாமா செய்தவர் அவ்விடத்தைத் தாமே விட்டுக் கொடுத்தவர் ஆகிறார். பின்னர் வேறு மருத்துவமனையில் வேலை கேட்கும்பொழுது, "விசாரணை நடக்கையில் விலகியவர்" என்ற பெயரே முன்னே போய் நிற்கும்.

இதன் கொடுமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு லண்டனில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமின் அப்துல்லா என்பவர் மலேசியாவிலிருந்து சென்று அந்நகரின் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றியவர். உடன் பணிபுரிந்த செவிலி ஒருவர்மீது நோயாளி ஒருவர் புகார் கூறியபொழுது, அச்செவிலிக்கு ஆதரவாக அவர் எழுதினார். அவ்வெழுத்தே அவர்மீது விசாரணையாகத் திரும்பிற்று. 2015 டிசம்பரில் பெருங்குற்றம் இழைத்தவர் என்று பணியிலிருந்து நீக்கப்பட்டார். மேல்முறையீடு கேட்கப்படும் முன்பே, 2016 பிப்ரவரியில், தம் உயிரைத் தாமே முடித்துக் கொண்டார். அவருடைய துணைவர் விடாது போராடினார். 2018இல் வெளிவந்த தனி விசாரணை அறிக்கை, அமின் நியாயமாக நடத்தப்படவில்லை என்று கூறிற்று. மருத்துவமனை நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. யாரிடம் கேட்பது?

அதன் பின்னர், 2019 மே திங்களில் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனை நிர்வாகங்கள் அனைத்துக்கும் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் சென்றது. ஏழு நெறிகள் அதில் வகுக்கப்பட்டிருந்தன. விசாரிப்பவர் பயிற்சி பெற்றவராகவும் சார்பற்றவராகவும் இருக்கவேண்டும். போதிய ஆளும் நேரமும் ஒதுக்கவேண்டும். இடைநீக்கத்தை எளிதில் கையாளலாகாது. விசாரிக்கப்படுபவரின் உடல்நலமும் மனநலமும் நிர்வாகத்தின் பொறுப்பே என்பவை அவற்றுள் சில. வேறு வழியால் தீர்க்கக் கூடியதா என்று பாராமல், எடுத்த எடுப்பிலேயே முறையான நடவடிக்கையில் இறங்கிவிடும் வழக்கத்தையும் அக்கடிதம் குறை கூறியது. நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றின் மேலாளர் அறைச் சுவரில் இதை மொழிபெயர்த்து மாட்டினால் நன்று என்பது நம் கருத்து.

நம் பக்கத்திலேயே நடந்தவற்றையும் பார்ப்போம். 2020 அக்டோபரில், கொரோனா நோய் மிகுந்திருந்த வேளையில், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருந்து திரும்பிய நோயாளி ஒருவரின் உடலில் புண்ணும் புழுவும் காணப்பட்டன என்ற செய்தி நாட்டை உலுக்கியது. மருத்துவர் ஒருவரும் தலைமைச் செவிலியர் இருவரும் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஆள் பற்றாக்குறையை மறைத்து மூவர் தலையில் பழியைச் சுமத்துவதா என்று மருத்துவரும் செவிலியரும் கிளர்ந்தெழுந்தனர்; சில நாட்களிலேயே அவ்விடைநீக்கம் விலக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் அங்கமாலி அரசு மருத்துவமனையில், காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை செய்ய வந்த ஏழு வயதுச் சிறுமிக்கு வெறிநாய்க்கடி ஊசி போடப்பட்டது. அங்கே பொறுப்பானவர் தற்காலிகச் செவிலி; அவர் வேலையை இழந்தார்.

இரண்டும் ஒரே தன்மையுடைய பிழை என்று நாம் சொல்லவில்லை. அந்த நோயாளியின் துன்பமும் சிறுமியின் தாய் அடைந்த நடுக்கமும் சிறியவை அல்ல. ஆயினும் நிரந்தரப் பணியும் சங்கமும் உடையவருக்கு ஒரு வழியும், ஒப்பந்தப் பணியில் தனியே நிற்பவருக்கு மற்றொரு வழியும் அமைவதைக் காணாதிருக்க இயலுமோ? புதிதாய்த் தேறிய பெண்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையினர் என்பதை வீட்டார் நினைவிற் கொள்ள வேண்டும்.

சட்டமும் இவ்வேறுபாட்டை உடையதே. அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு, அரசுப் பணியாளரைக் குற்றச்சாட்டை அறிவித்துத் தக்க வாய்ப்பளித்து விசாரிக்காமல் நீக்கலாகாது என்கிறது. தனியார் மருத்துவமனைச் செவிலிக்கு அக்காப்பு இல்லை. தகுதிகாண் பருவத்தில் இருப்பவரைப் பணி நிறைவில்லை என்று சாதாரணமாக விடுவிப்பது தண்டனையாகாது. ஆனால் குற்றத்தைக் காரணமாக்கித் தண்டனையாகவே நீக்கினால் விசாரணை வேண்டும் என்பது 1957இல் உச்சநீதிமன்றம் பர்ஷோத்தம் லால் திங்ரா வழக்கில் காட்டிய வழி. அதுவும் அரசுப் பணியைப் பற்றியதே. தனியார் துறையில், இடைநீக்கக் காலத்தில் முதல் 90 நாளுக்குப் பாதி ஊதியமும், பணியாளரால் நேராத தாமதத்தால் அதற்கு மேல் நீண்டால் முக்கால் ஊதியமும் பிழைப்பூதியமாகத் தரவேண்டும் என்ற முறை 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தில் வளர்ந்தது. 2020இல் இயற்றப்பட்ட தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அதை ஏற்று, விசாரணையைப் பொதுவாக 90 நாளில் முடிக்கவும் சொல்கிறது. ஆனால் இது 300 தொழிலாளருக்குக் குறையாத நிறுவனங்களுக்கே உரியது. முப்பது படுக்கை மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டால், நேரான பயன் சிறிதே. பணியேற்ற நாளில் கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாள்தான் அவளுக்குச் சட்டம். அதன் படி ஒன்று வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா?

இனி அந்த மகள் செய்யத் தக்கவை. நடந்ததை நேரம் குறித்துத் தன் கைப்பட இன்றே எழுதி வைக்கட்டும். பத்து நாள் கழிந்தால் நினைவு பிறர் சொல்லோடு கலந்துவிடும். அன்றிரவு வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர், மருந்துச் சீட்டு எவ்வாறு எழுதப்பட்டிருந்தது, நோயாளியின் கையில் அடையாளப் பட்டை இருந்ததா, இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்கும் வழக்கம் அவ்விடத்தில் உண்டா என்பவையும் அதில் இடம்பெற வேண்டும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்தவள் அவள். எது தவறிற்று என்பதை மறைக்காமல் சொல்லலாம். ஏன் தவறிற்று என்பதையும் விடாமல் சொல்லவேண்டும். நோயாளியின் பதிவேட்டில் பழைய வரியைத் திருத்துவதோ இடையில் செருகுவதோ கூடவே கூடாது. ஊசி பிழைத்தது மன்னிக்கப்படலாம்; பதிவேட்டைத் திருத்தியது மன்னிக்கப்படாது. அப்பதிவேட்டைத் தன் கைப்பேசியில் படம் பிடித்து வீட்டாருக்கு அனுப்புவதும் நோயாளியின் மறையை வெளியிடும் வேறொரு குற்றமாகிவிடும். படி வேண்டுமாயின் எழுத்தில் கேட்கவேண்டும்.

குற்றச்சாட்டு இன்னதென்று தெளிவாக இல்லாவிடில், அதைத் தெளிவாக்கக் கோரலாம். கால நீட்டிப்பும் கேட்கலாம். இரண்டையும் எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கவேண்டும். விசாரணைக்குத் தனியே போகலாகாது. இங்கிலாந்தில் வேலை பார்ப்போர்க்கு, ஒழுங்கு விசாரணையில் உடன் பணியாளர் ஒருவரையோ தொழிற்சங்க அலுவலரையோ அழைத்துச் செல்லும் உரிமையை 1999ஆம் ஆண்டுச் சட்டமே தந்திருக்கிறது. கேரளத்தில் 2011இல் தோன்றிய ஐக்கிய செவிலியர் சங்கம் தனியார் மருத்துவமனைப் பெண்களுக்குப் பலமுறை துணை நின்றிருக்கிறது. சங்கச் சந்தாவை வீண் செலவென்று தடுக்கும் பெற்றோரை நாம் அறிவோம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் படித்த பெண், ஆங்கில ஓலைக்கு ஆங்கிலத்திலேயே விடை எழுத முயன்று, சொல்ல நினையாததைச் சொல்லிவிடுகிறாள். நன்கு வரும் மொழியில் முதலில் எழுதிப் பின் தகுந்தவரைக் கொண்டு பெயர்ப்பது நலம். அரசுப் பணியில் உள்ளவர்க்கு, மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் முறையீடு தர அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது.

தந்தையாருக்கு நாம் சிறப்பாகச் சொல்வது ஒன்று. நாள்தோறும் ஒருமுறை அழைத்து, ஓலையைப் பற்றியன்றி, உண்டாயா, உறங்கினாயா என்று கேளுங்கள். கடனை இப்பொழுது நினைவூட்டாதீர்கள். உறக்கமின்றி, "இனி எதற்கு" என்ற பேச்சு வருமாயின், ஒருவர் உடனே புறப்பட்டுச் சென்று அருகில் இருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இரவிலும் பேசலாம். தமிழிலும் மலையாளத்திலும் விடை கிடைக்கும்.

பதிவு பறிபோகுமோ என்ற அச்சத்துக்கும் விடை கேட்டிருக்கிறார். மருத்துவமனை வேலையைத்தான் பறிக்க இயலும். பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. கேரளத்தில் பதிந்தவர்க்கு 1953ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டத்தாலும், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் பதிந்தவர்க்கு 1926ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அமைந்த செவிலியர் மன்றங்களே அப்பொறுப்பை ஏற்றவை. 2023இல் பாராளுமன்றம் இயற்றிய புதிய சட்டம் மாநிலந்தோறும் ஆணையம் அமைக்க வகை செய்கிறது. எவ்விடத்தாயினும், பெயரை நீக்குமுன் அவளை அழைத்துக் கேட்டாக வேண்டும். அவளுடைய பதிவுச் சான்றின் மூலப்படி மருத்துவமனையின் கையில் இருக்கிறதா என்பதைத் தந்தையார் அடுத்த கடிதத்தில் நமக்கு எழுதட்டும். இருந்தால், அதைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தையும் விளக்கத்தோடு சேர்த்தே கொடுக்கவேண்டும்.