அதிர்ஷ்டம் என்று யார் சொன்னது?

எதிர்பாராத நன்மை தற்செயலாகக் கைக்கு வந்து சேர்வதை ஆங்கிலத்தில் 'செரண்டிப்பிட்டி' என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் இருப்பது நமது நாட்டின் பெயர். அக்காலத்து அரபு வணிகர்கள் இலங்கையை 'சரண்டீப்' என்று அழைத்தார்கள். 'செரண்டிப்பின் மூன்று இளவரசர்கள்' என்ற பழைய கதை 1557இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சானது. ஆங்கிலேய எழுத்தாளர் ஹொரஸ் வோல்போல் 1754 ஜனவரி 28ஆம் திகதி நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் கதையை வைத்து இச்சொல்லை உருவாக்கினார்.

இன்று இதைச் சும்மா கிடைத்த அதிர்ஷ்டம் என்றே பலரும் நினைக்கிறார்கள். வோல்போல் தற்செயலோடு கூர்மதியையும் சேர்த்தே சொன்னார். கதையில் இளவரசர்கள் வழிநெடுக உற்றுப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். பாதையின் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருக்கிறது. அதுவும் மறுபக்கத்துப் புல்லை விட மோசமான புல். அதைக் கண்டே, முன்னே போன ஒட்டகத்துக்கு ஒரு கண் தெரியாது என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பாதையில் போன மற்றவர்களும் அதே புல்லைத்தான் பார்த்திருப்பார்கள்.

நாம் பேசும் 'அதிர்ஷ்டம்' வடமொழியிலிருந்து வந்தது. 'கண்ணுக்குத் தெரியாதது' என்பதே அதன் நேர்ப்பொருள். ஒரு சொல் கண்ணைத் திறந்து வைக்கச் சொல்கிறது. மற்றச் சொல்லோ, எல்லாம் நமக்குத் தெரியாத இடத்தில் தீர்மானமாகிறது என்கிறது.

மலையகத்தில் நமக்கு ஏதாவது கிடைத்தால் "உங்கள் அதிர்ஷ்டம்" என்கிறார்கள். தேர்தல் மேடையில் அதையே "நாங்கள் கொடுத்தோம்" என்கிறார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இடையில் 55 ஆண்டுகள்! கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சம்பளம் 1984இல் கிடைத்தது, அதுவும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியான கோவிந்தனின் பெயரை நாம் மறக்கவில்லை. இவற்றில் எதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதுவது?

தற்செயலே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மழையும் வெயிலும் உலகச் சந்தை விலையும் நம் கையில் இல்லை. ஆனால் தராசு முள் நம் கண்ணெதிரே நிற்கிறது. நிறுத்த கொழுந்தில் எத்தனை கிலோ கழித்தார்கள், போன மாதம் எத்தனை நாள் பெயர் விழுந்தது, எந்த நாள் அரைப்பெயர் ஆனது என்பதெல்லாம் நாம் பார்க்கக் கூடியவை. சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள். அதோடு தோட்டம் தன் பங்காக 12 வீதம் கட்ட வேண்டும். அந்தப் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்பதை, ஓய்வு பெறும் நாளில் அதிர்ஷ்டத்தை நம்பித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஒரு பச்சை மலையில் பறிக்க வேண்டிய கொழுந்து எது, விட வேண்டிய இலை எது என்று நொடியில் கண்டுபிடிக்கும் கண் நமது பெண்களுடையது. அந்தக் கண் சம்பளச் சீட்டின் மீதும் விழட்டும். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் லயத்தில் பக்கத்து வீட்டுச் சீட்டையும் வாசித்துக் காட்டட்டும். கணக்கில் பிசகு தெரிந்தால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சீட்டோடு வாருங்கள்.

செரண்டிப்பின் பிள்ளைகள் நாமும்தான். பார்த்து நடப்போம்.