ஊட்டி போட் ஹவுஸும் வெண்ணமடைக் குளமும்

குற்றாலத்தில் சீசன் முடிந்து படகுகள் கரையேறியதும் வழக்கமாக ஒரு பேச்சு கிளம்பும். "ஊட்டியில வருஷம் பூரா போட் ஓடுது, இங்க மட்டும் ஏன் சீசனோட நிறுத்துறாங்க?" நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கும். ஊட்டி ஏரியின் பழைய கதையைத் தெரிந்துகொண்டு கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

அது இயற்கை ஏரி இல்லைங்க. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் உண்டாக்கியது. 1819ல் நீலகிரி ஏறியவர், தோடர்களிடம் நிலம் வாங்கி (ஏக்கர் ஒரு ரூபாய் என்கிறார்கள்... எவ்வளவு மலிவு!) 1822ல் ஒரு கல் வீடு கட்டத் தொடங்கினார். அந்த 'கல் பங்களா' இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. 1823ல் ஓடைகளை மறித்து ஏரி வேலையும் ஆரம்பமானது.

எதற்கு? படகு விடவா? இல்லை. கீழே சமவெளிக்குப் பாசனத் தண்ணீர் கொடுக்கத்தான் திட்டம். அது கைகூடவில்லை. கரை உடைந்து ஏரி வற்றியதும் உண்டு. மிச்சம் இருந்தது துரைமார்களின் மீன்பிடியும் படகுச் சவாரியும்தான்.

பாசனத்துக்கு ஆகாத ஏரிக்கு யார் பரிந்து பேசுவார்கள்? கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்தது. குதிரைப் பந்தய மைதானம், பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் எல்லாம் பழைய ஏரிப் பரப்பில் வந்தவை. இப்போது இருப்பது சுமார் 65 ஏக்கர். ஊர்ச் சாக்கடை கோடப்பமந்து கால்வாய் வழியாக அதில்தான் கலக்கிறது. 1973ல் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கைக்கு வந்த படகு இல்லம் மட்டும் கூட்டத்துக்குக் குறைவில்லாமல் நடக்கிறது. வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்தால் லாபம். ஏரி சுருங்கியதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஐந்தருவி ரோட்டில் இருக்கும் வெண்ணமடைக் குளத்தின் கதை வேறு. அருவித் தண்ணீர் வந்து நிறைகிற பாசனக் குளம் அது. நிறைந்தால் படகு, வயலுக்குத் திறந்துவிட்டு வற்றினால் படகு கரையில். பெயரிலேயே மடை இருக்கிறது! வருஷம் பூரா மிதக்கவேண்டுமென்றால் மடையை அடைத்துத் தண்ணீரைத் தேக்கியே வைக்கவேண்டும். கீழே நடவுக்குக் காத்திருப்பவர்களிடம் அதை யார் போய்ச் சொல்வது?

குளத்தைத் தூர் வாரச் சொல்லி, சாக்கடை விடாதே என்று கத்தினால் அதில் அர்த்தம் இருக்கிறது. சாரல் மாதங்களில் படகும் ஓடட்டும், டிக்கெட்டும் விற்கட்டும். மீதி மாதங்களில் அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகட்டும்.