பழசானது பூட்டா, கதவா? மலை வீடுகளில் புதுப் பூட்டு போடும் முன் யோசிக்க வேண்டியவை

இரவு ஒன்பதரை மணி. சென்னையில் ஆபீஸ் மீட்டிங்கை முடித்துவிட்டு லேப்டாப்பை மூடும் நேரத்தில் குன்னூரிலிருந்து அம்மாவின் போன். "தம்பி, முன்கதவு சாவி சுத்தவே மாட்டேங்குதுடா." கீழ்வீட்டுக்காரர் வந்து தோளால் ஒரு இடி கொடுத்ததும் கதவு திறந்துவிடுகிறது. ஆனாலும் மகனுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே ஆன்லைனில் ஒரு டிஜிட்டல் பூட்டு ஆர்டர் ஆகிறது.

நீலகிரியில் பெற்றோரை விட்டுவிட்டு கோவை, பெங்களூரு, சென்னை என வேலைக்குப் போன பலருக்கும் பழகிப்போன காட்சிதான் இது. பழைய பூட்டு மக்கர் பண்ணினால் புதுசு போட்டுடலாம் என்பது சமவெளிக் கணக்கு. மலையில் அது பல நேரம் வீண் செலவு. அங்கே முதலில் கெட்டுப்போவது பூட்டு அல்ல, கதவு.

கதவு ஏன் இறுகுகிறது?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. தென்மேற்குப் பருவமழை கூடலூர், ஊட்டிப் பக்கத்தை நனைத்தால், வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தை ஊறவைக்கும். மழை விட்டாலும் மூடுபனி விடாது. மரம் இந்த ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் உப்புகிறது. கதவு நிலையோடு உரச, பூட்டின் நாக்கு நிலையில் உள்ள துளைக்கு நேராகப் போய் உட்காராமல் தட்டுகிறது. போதாக்குறைக்கு, பல வருஷம் கதவின் எடையைத் தாங்கிய கீல்களும் தளர்ந்திருக்கும். அந்த நிலையில் சாவியை முறுக்கினால் வளைவது சாவி, தேய்வது பூட்டின் உள்பாகம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன சோதனை போதும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுற்றினால் பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. கீல் ஸ்க்ரூவை இறுக்குவதும், நிலையில் உள்ள துளையைக் கொஞ்சம் அரத்தால் ராவுவதும், தேவைப்பட்டால் கதவின் ஓரத்தை இழைப்பதுமே தீர்வு. மழைக்காலத்தில் அதிகம் இழைத்துவிட்டால், ஜனவரி வெயிலில் மரம் சுருங்கி இடைவெளி விழும். இது தெரிந்த ஆள்தான் மலைக்கு ஏற்ற ஆள்.

தேங்காய் எண்ணெய் என்னும் எதிரி

பூட்டு இறுகினால் சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து ஊற்றுவது தமிழ்நாட்டுப் பழக்கம். சென்னையில் அது எப்படியோ ஓடிவிடும். ஆனால், சுமார் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். ஊட்டியில் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். ராத்திரி ஊற்றிய எண்ணெய் காலையில் பூட்டுக்குள் வெண்ணெய் மாதிரி உறைந்து, தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பதில் கிராஃபைட் பொடி போடலாம். அவசரத்துக்கு, பென்சில் முனையைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து நாலைந்து முறை போட்டு எடுத்தாலும் வேலை நடக்கும்.

பழைய பூட்டை ஏன் தூக்கிப் போடக் கூடாது?

இந்த வீடுகளில் பலவற்றில் இருப்பது லீவர் பூட்டு. உள்ளே வரிசையாக உலோகத் தகடுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் சரியான உயரத்துக்குச் சாவி தூக்கினால்தான் நாக்கு நகரும். 1778-ல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் என்பவர் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாட்டின் பெரிய நன்மை, கழற்றிச் சரிசெய்ய முடியும் என்பது. ஸ்பிரிங் உடைந்தால் ஸ்பிரிங், தகடு தேய்ந்தால் தகடு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெருமையும் கையால் செய்யப்படும் இந்த லீவர் வேலைதான்.

கதவு மரத்துக்குள் குடைந்து பொருத்திய பழைய பூட்டின் குழிக்கு இன்றைய பூட்டு அப்படியே பொருந்துவது அபூர்வம். புதுசு போட மேலும் குடைய வேண்டும். குடையக் குடைய அந்த இடத்தில் மரம் பலவீனமாகும். பூட்டு பலமாகி, கதவு சோப்ளாங்கி ஆகிவிடும். கரடி கதவை உடைத்து உள்ளே புகுந்தது என்ற செய்தி அடிக்கடி வரும் கோத்தகிரி, குன்னூர் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

டிஜிட்டல் பூட்டே வேண்டாம் என்பதல்ல வாதம். அடிக்கடி விருந்தினர் மாறும் ஹோம்ஸ்டேக்கு அது வசதி. ஆனால், கதவு இறுகும்போது மனிதர் ஒரு கையால் கைப்பிடியை இழுத்துக்கொண்டு மறு கையால் சாவியைச் சுற்றுவார். பூட்டுக்குள் இருக்கும் குட்டி மோட்டாருக்கு அந்தச் சமயோசிதம் கிடையாது. கதவைச் சரிசெய்யாமல் அதை மாட்டினால் அதே போன் மறுபடி வரும்.

உண்மையான ஆபத்து திருடன் மட்டுமா?

பூட்டு என்றதும் எல்லோரும் திருடனையே நினைக்கிறார்கள். தனியாக இருக்கும் வயதானவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பழைய பூட்டு, உள்ளே சாவி. அதற்கு மேல் தாழ்ப்பாள், கீழே ஒரு கொண்டி. ராத்திரி பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் யார் எப்படி உள்ளே வருவது? பக்கத்து வீட்டில் மாற்றுச் சாவி இருக்கும். ஆனால், பல பழைய பூட்டுகளில் உள்பக்கம் சாவி செருகியிருந்தால் வெளியிலிருந்து இன்னொரு சாவி நுழையாது. நுழைந்தாலும் தாழ்ப்பாள் திறக்காது. வீட்டுக்குள் தீப்பிடித்தாலோ சிக்கல் தலைகீழ்: புகையில் சாவியைத் தேடித்தான் வெளியே வர வேண்டும்.

எனவே, மலை வீட்டில் பூட்டைப் பார்க்க வரும் ஆளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு ஸ்ட்ராங்?" என்பதல்ல. "உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடியுமா? நம்பிக்கையான ஒருவர் வெளியிலிருந்து திறக்க முடியுமா?" என்பதுதான். குறைந்தது ஒரு கதவாவது இந்த இரண்டுக்கும் இடம் தர வேண்டும். அந்தக் கதவில் ராத்திரி தாழ்ப்பாள் போடாமல், நல்ல பூட்டு ஒன்றை மட்டும் நம்ப வேண்டும். அம்மாவை அதற்குச் சம்மதிக்க வைப்பது பூட்டு மாற்றுவதைவிடக் கஷ்டம்தான். ஆனால், பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கோவையிலிருந்து ஊட்டி சுமார் 85 கி.மீ. கனமழையில் மண் சரிந்தால் மலைப்பாதையே மூடிவிடும். ஆகவே, கீழிருந்து வரும் பெரிய சர்வீஸைவிட, உள்ளூர் பஜாரில் அரத்தோடு உட்கார்ந்து சாவி போடும் பூட்டுக்காரர்தான் ஆபத்துக்கு உதவுவார். பிரச்சினை வருவதற்கு முன்பே, நல்ல வெயில் நாளில் அவரை ஒருமுறை வீட்டுக்கு அழைத்து எல்லாக் கதவையும் காட்டிவிட வேண்டும். அவர் நம்பர் அம்மாவின் போனிலும் இருக்க வேண்டும். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் மட்டும் அவருக்காகக் காத்திருக்காமல் 112-ஐ அழைப்பதே சரி.

வீட்டைத் திறக்கும் முன் "இது உங்க வீடுதானா, ஏதாவது காட்டுங்க" என்று கேட்கும் ஆளிடம் கோபப்படக் கூடாது. அதைக் கேட்காத ஆளிடம்தான் ஜாக்கிரதை தேவை. வந்ததும் துளையிடும் மெஷினை எடுப்பவரும் அப்படித்தான். நல்ல கைகாரருக்கு அது கடைசி வழி.

கூலி விஷயத்தில் ஒரு வார்த்தை. "பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுவது சகஜம். செங்குத்தாக நூறு படி ஏறி வந்து, எத்தனையோ வருஷப் பூட்டைச் சேதமில்லாமல் திறப்பவர் வாங்கும் கூலி பத்து நிமிஷத்துக்கானது அல்ல. போனிலேயே கூலியைப் பேசி முடித்துவிட்டு, பேசியதைக் கொடுப்பதே நியாயம். அந்தக் கூலி கட்டுப்படியானால்தான் அடுத்த மழைக்கும் அவர் அந்த பஜாரில் இருப்பார்.