ரெண்டாவது கீப்பர்

2025 நவம்பர் 15 அன்று நம் ஊர் மஞ்சள் சட்டைக்காரர்களில் பாதிப் பேர் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை என்று கேள்வி. சென்னை சூப்பர் கிங்ஸ் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. இதற்கு 'டிரேட்' என்று பெயர். நெல்லைப் போட்டு உப்பு வாங்குகிற பழைய பண்டமாற்றுதான். இங்கே ஆளைப் போட்டு ஆளை வாங்குகிறார்கள். 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தாரே, அந்த ஜடேஜாதான் போனவர்.

அழுதீர்கள், சரி. எதற்கு அழ வேண்டுமோ அதற்கு யாரும் அழவில்லையே என்பதுதான் என் சண்டை. சாம்சன் பிரமாதமான ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பதினெட்டு கோடி சம்பளத்துக்கு ஒரு கீப்பரை, அதுவும் ஜடேஜாவை விலையாக வைத்து, வெளியிலிருந்து வாங்குகிற நிலைமை ஏன் வந்தது? கீப்பரே விளையாத ஊரா இது?

கோயம்புத்தூர்ப் பையன் நாராயண் ஜெகதீசனை நினைவிருக்கிறதா? 2018 ஏலத்தில் இருபது லட்சத்துக்கு சி.எஸ்.கே. எடுத்தது. 2022 வரை ஐந்து சீசன் அவர் அங்கேதான் இருந்தார். அந்த ஐந்து சீசனில் சென்னை ஆடியது 77 ஆட்டம். ஜெகதீசன் ஆடியது ஏழு. அதுவும் அணி பிளே-ஆஃப் பக்கமே போகாத 2020, 2022 ஆகிய இரண்டு வருடங்களில். வாய்ப்பு வந்தபோது மட்டை பிடித்தார், ஃபீல்டிங்கில் ஓடினார். கிளவுஸ் மட்டும் கைக்கு வரவில்லை. அது தோனியிடம் இருந்தது. 2019-ல் தோனி இரண்டு ஆட்டங்களுக்கு வரவில்லை. 'ஆகா, இப்பவாவது' என்று நினைப்பீர்கள். அந்த இரண்டிலும் ஜெகதீசன் வெளியேதான்.

2022 நவம்பர் 15 அன்று அவரை விடுவித்தார்கள். அப்போது விஜய் ஹசாரே கோப்பை நடந்துகொண்டிருந்தது. ஆறு நாள் கழித்து, நவம்பர் 21-ல், பெங்களூரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277 அடித்தார். ஐம்பது ஓவர் ஆட்டத்தில் அப்போது அது உலக சாதனை. தொடர்ந்து ஐந்தாவது சதம். எதிரே இருந்தது சின்ன டீம் என்பீர்கள். மற்ற நான்கு சதங்களில் ஆந்திராவும் ஹரியானாவும் இருக்கின்றன, சார். அடுத்த மாத ஏலத்தில் கொல்கத்தா அவரை தொண்ணூறு லட்சத்துக்கு எடுத்தது. ஐந்து வருஷம் வீட்டில் வைத்திருந்த பொருளைச் சும்மா கொடுத்துவிட்டு, அது அடுத்த தெருவில் நாலரை மடங்குக்கு விலைபோவதை வேடிக்கை பார்த்தார்கள்.

இது வியாபாரமாகக்கூட நல்ல வியாபாரம் இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். மனிதாபிமானத்தை விட்டுத்தள்ளுங்கள், ஐ.பி.எல்.லில் அதைத் தேடுவது அசட்டுத்தனம். காசுக் கணக்கே பார்ப்போம். பேட்ஸ்மேன் ஆறு பேர் வேண்டும், பவுலர் ஐந்து பேர் வேண்டும். ஒருவருக்கு ஃபார்ம் போனால் இன்னொருவர் வருவார். கீப்பர் ஒரே ஒருத்தர். முதல் ஆள் நன்றாக இருக்கும்வரை ரெண்டாவது ஆளுக்கு வேலையே கிடையாது. வேலை இல்லாதவனுக்கு விலையும் கிடையாது. அவனை ஆடவிடாமல் வைத்திருந்தால் நாளைக்கு உங்களுக்கும் உதவ மாட்டான், விற்கப்போனாலும் வாங்க ஆள் இருக்காது.

ஹாக்கி கோல்கீப்பர்களுக்கும் இதே தலையெழுத்துதான். கனடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்கட்டி மேல் ஆடுகிறார்களே, அந்த என்.எச்.எல். ஹாக்கியில் 2022-23-ல் ஒரு சீசனுக்கு 82 ஆட்டம். எல்லா அணியும் இரண்டு கோலி வைத்திருக்கும். பாஸ்டன் அணியில் லினஸ் உல்மார்க், ஜெரமி ஸ்வேமன் என்று இரண்டு பேர் இருந்தார்கள். 2022-23 சீசனில் உல்மார்க் 49 ஆட்டம், ஸ்வேமன் 37 ஆட்டம். நடுவில் ஆள் மாறிய ஆட்டங்களும் உண்டு, அதனால் கூட்டினால் 82-ஐத் தாண்டும். அந்த வருடத்தின் சிறந்த கோலி விருது உல்மார்க்குக்கு. அணி 65 ஆட்டம் ஜெயித்து லீக் சாதனை படைத்தது. அடுத்த வருடம் என்ன செய்தார்கள்? 2024 ஜூனில் உல்மார்க்கை ஒட்டாவாவுக்குக் கொடுத்து, புது வீரரைத் தேர்ந்தெடுக்கிற முதல் சுற்று உரிமை ஒன்றும் இரண்டு ஆட்டக்காரர்களும் வாங்கிக்கொண்டார்கள். கையில் ஸ்வேமன் இருக்கிறாரே, பயம் எதற்கு? இரண்டு பேரையும் ஆடவிட்டதால் ஒருத்தரை விற்கவும் முடிந்தது, இன்னொருத்தரை நம்பவும் முடிந்தது.

நாஷ்வில் அணியின் கதை இன்னும் பொருத்தம். யூஸே சாரோஸ் என்ற கோலியோடு 2024-ல் எட்டு வருட ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். வாரிசாக வளர்ந்துகொண்டிருந்த யாரோஸ்லாவ் அஸ்காரோவ், 'அப்ப நான் எதுக்கு? என்னை விட்டுடுங்க' என்றார். அடுத்த மாதமே சான் ஹோசேவுக்கு நல்ல விலைக்கு விற்றார்கள். எப்படி முடிந்தது? அதற்கு முன் இரண்டு சீசன் அவரைக் கீழ்நிலை லீகில் முதல் கோலியாக ஆடவிட்டிருந்தார்கள். வாங்குகிறவனுக்குப் பார்ப்பதற்குச் சரக்கு இருந்தது.

அமெரிக்கா எதற்கு, நம் இந்திய ஹாக்கியே போதும். ஸ்ரீஜேஷ் மாதிரி ஒரு மலை நின்றுகொண்டிருந்தபோது பின்னால் இருந்தவர் கிருஷன் பதக். பல ஆட்டங்களில் கால்பகுதி மாற்றிக் கால்பகுதி இருவரையும் நிறுத்தினார்கள். அப்படியே பதக் நூறு சர்வதேச ஆட்டங்களைத் தாண்டினார். 2024 ஆகஸ்டில் பாரிஸ் வெண்கலத்தோடு ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றார். செப்டம்பரில் பதக்கையும் சூரஜ் கர்கேராவையும் வைத்துக்கொண்டு சீனாவில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை ஜெயித்தார்கள். ஒரு மாதம்தான் இடைவெளி! பாரிஸில் பதக் வெறும் மாற்று ஆட்டக்காரர், பதக்கம் கிடையாது. அந்த வருத்தம் வேறு. ஆனால் அவரைத் துருப்பிடிக்க விடவில்லை.

பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் ஒரு டீக்கடையில் இந்த சாம்சன் விவகாரம் அடிபட்டது. கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, வீட்டுப் பசங்களுக்கு வேலை சொல்லித் தராம வெளியில ஆள் புடிச்சா, கூலி ஜாஸ்தியாத்தானுங்க கேப்பான்?" அங்கே மலையடிவாரத்தில் டென்னிஸ் பந்தில் ஆடுகிற பையன்களையும் பார்த்தேன். கிளவுஸ் கிடையாது. கீப்பிங் நிற்க யாருக்கும் ஆசையும் கிடையாது. அதனால் ரெண்டு ஓவருக்கு ஒருத்தர் என்று முறை வைத்திருந்தார்கள். அந்த டீமில் எல்லாருமே கீப்பர்!

தினேஷ் கார்த்திக்கைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. சென்னைக்காரர். 2004-ல் இந்தியாவுக்கு ஆட வந்தார், தோனிக்கு மூன்று மாதம் முன்பே. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 2010-க்குப் பிறகு அடுத்த டெஸ்ட் ஆட எட்டு வருஷம் காத்திருந்தார். நடுவில் 87 டெஸ்ட் போய்விட்டது. ஆனால் ஐ.பி.எல்.லில் அவர் உட்காரவில்லை. ஆடவிட்ட இடமெல்லாம் ஆடினார். 2013-ல் மும்பைக்கு 510 ரன் எடுத்தார், அடுத்த ஏலத்தில் டெல்லி பன்னிரண்டரைக் கோடி கொடுத்தது. ஆடினால் விலை ஏறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 2018 மார்ச்சில் கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் ஐந்து ரன் தேவை என்றபோது சிக்ஸர் அடித்தாரே, அந்த நரம்பு பெஞ்சில் உட்கார்ந்து வந்ததில்லை. பதினேழு சீசன், ஆறு அணி. மஞ்சள் சட்டை மட்டும் ஒரு நாள்கூடப் போடவில்லை.

இப்போது உங்கள் கோபம் எனக்குக் கேட்கிறது. "தோனி அஞ்சு கப் ஜெயிச்சுக் கொடுத்தவர். ஜனங்க டிக்கெட் வாங்குறதே அவரைப் பார்க்கத்தான். அவரை உட்காரவெச்சு வேற ஆளை நிறுத்தணுமா?"

நிறுத்த வேண்டாம் ஐயா. சேப்பாக்கத்து ஆட்டம் அத்தனையும் அவருக்கே இருக்கட்டும். லீக்கில் பதினான்கு ஆட்டம், பாதி வெளியூரில். அதில் இரண்டை ரெண்டாவது ஆளுக்குக் கொடுத்தால் குடியா முழுகிவிடும்? ஐந்து வருஷத்தில் பத்து ஆட்டம் அவன் கிளவுஸ் மாட்டியிருப்பான். தோனியின் முழங்காலும் நன்றி சொல்லியிருக்கும். 2023 சீசன் முழுக்க வலியோடு ஆடிவிட்டு, கோப்பை வாங்கின கையோடு அறுவை சிகிச்சைக்குப் போனார் மனிதர். 2025-ல் நாற்பத்து மூன்று வயதில் பெங்களூருக்கு எதிராக ஒன்பதாவது ஆளாக இறங்கினார். அந்த சீசனில் சென்னை முதன்முறையாகக் கடைசி இடம். அடுத்த கீப்பர் யார் என்ற கேள்விக்கு அப்போதும் வீட்டுக்குள் பதில் இல்லை. அதனால்தான் நவம்பரில் ஜடேஜாவைத் தூக்கித் தராசில் வைக்க வேண்டி வந்தது.

ஜெகதீசன் என்ன ஆனார்? 2025 ஜூலையில் ரிஷப் பந்த் கால் முறிந்தபோது இந்திய டெஸ்ட் அணிக்குக் கூப்பிட்டார்கள். லண்டன் ஓவலுக்குப் போனார். கீப்பிங் செய்தது துருவ் ஜுரெல். அக்டோபரில் வெஸ்ட் இண்டீஸ் தொடருக்கும் எடுத்தார்கள். அங்கேயும் ரெண்டாவது ஆள்தான். பாவம், ஜாதகம் அப்படி.

சாம்சன் வந்தாகிவிட்டது, பிரச்சனை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபி ஏலத்தில் ராஜஸ்தானைச் சேர்ந்த பத்தொன்பது வயது கார்த்திக் சர்மாவை சி.எஸ்.கே. வாங்கியது. விலை பதினான்கு கோடியே இருபது லட்சம். அவரும் கீப்பர். குஜராத்தின் உர்வில் படேல் ஏற்கெனவே இருந்தார், அவரும் கீப்பர். ஆக 2026 சீசனுக்கான பட்டியலில் தோனி, சாம்சன், உர்வில், கார்த்திக் என்று நான்கு பேர், ஒரே ஒரு ஸ்டம்ப்புக்குப் பின்னால். விடுவிக்கிறவர்கள் பட்டியல் நவம்பர் வாக்கில்தான் வரும். ஜெகதீசனின் பெயர் இருந்ததும் அப்படியொரு பட்டியலில்தான். அது ஒவ்வொரு முறை வரும்போதும் கார்த்திக் சர்மா எத்தனை ஆட்டத்தில் கிளவுஸ் மாட்டினார் என்று எண்ணிப் பாருங்கள்.