குறுந்தொகை 437

சென்ற பருவத்தில் இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவி ஒருவர் தந்த ஒப்படைப்பில் குறுந்தொகையின் 437ஆம் பாடல் மேற்கோளாக இடம்பெற்றிருந்தது. திணை, கூற்று, புலவர் பெயர், உரை என எல்லாம் முறையாகவே இருந்தன. குறை ஒன்றுதான்: கடவுள் வாழ்த்து நீங்கலாகக் குறுந்தொகையில் உள்ளவை 401 பாடல்களே. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று அவருக்கென்றே இயற்றிக் கொடுத்த சங்கப் பாடல் அது!

கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறித் திண்டுக்கல் வந்து படிக்கும் பெண். வீட்டில் புத்தகம் என்றால் பாடநூல். கணினி என்றால் கைப்பேசி. "பாட்டு நல்லா இருந்துச்சுங்கய்யா, அதான் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார். நல்லா இருந்தால் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையை அவருக்குள் வளர்த்தவர்கள் யார்? மனப்பாடப் பகுதியை ஒப்பிக்கச் சொல்லி மதிப்பெண் போட்ட நாமும்தான்.

அரசு 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' வழியே திறன் பயிற்சிகள் கல்லூரிகளுக்கு வந்தன. இவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் கருவியைக் கையாளத் தெரிவது வேறு, கருவி காட்டும் வாசகத்தைச் சோதிக்கத் தெரிவது வேறு. முன்னதைக் கணினித் துறை கற்பிக்கட்டும். பின்னது தமிழ்த்துறையின் கடமை என்பதே நம் கட்சி. நண்பர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

சிரிக்க என்ன இருக்கிறது? சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றுவதற்கு முன் உ.வே.சாமிநாதையர் ஓர் ஏட்டை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடவில்லை. பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார். இந்த ஏடு எங்கிருந்து வந்தது, யார் எழுதியது, மற்றொன்றில் ஏன் வேறுபடுகிறது என்னும் கேள்விகளைப் பதிப்பியல் என்ற பெயரில் முதுகலையில் படித்தோம். அவற்றையே திரைக்கு முன்னால் கேட்கச் சொல்கிறோம், அவ்வளவே.

கேட்டுப் பார்த்தோம். 'கமலாம்பாள் சரித்திரம்' வெளிவந்த ஆண்டைக் கண்டுபிடியுங்கள் என்று வகுப்பில் சொன்னோம். எழுதிய ராஜமய்யர் நம் வத்தலக்குண்டுக்காரர். (அவ்வூரிலிருந்து வரும் மாணவர் இருவருக்கு இது புதிய செய்தி. அது தனி வருத்தம்.) ஐந்து நிமிடத்தில் 1893, 1895, 1896 என மூன்று விடைகள் வந்தன. எது பொய் என்று சண்டை மூண்டது. எதுவும் பொய்யில்லை. 'விவேக சிந்தாமணி' இதழில் தொடர் தொடங்கியது 1893, முடிந்தது 1895, நூலானது 1896. இதை அவர்களே பிரித்தறிய ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்தை நாம் வீண் என்று கருதவில்லை.

அடுத்த வாரம் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திறந்தோம். 1998 பொங்கலன்று தொடங்கித் தன்னார்வலர்கள் வளர்த்த பணி அது. நூலின் தலைப்பில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இருக்கும். மாணவர்கள் அதைத் தள்ளிவிட்டு நேரே பாட்டுக்குப் போகிறார்கள். ஏட்டின் இறுதியில் எழுதி முடித்தவன் தன் பெயரையும் நாளையும் குறித்து வைப்பானே, அதன் பேரன்தான் இந்தத் தலைப்பு என்றபோது சிலர் மேலே நகர்த்திப் படித்தார்கள்.

பாடத்திட்டத்தில் இதற்கு மணி நேரம் ஒதுக்கப்படவில்லை. இலக்கிய வரலாற்று வகுப்பிலிருந்தே கடன் வாங்குகிறோம். அகமதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண்ணாவது மேற்கோளின் மூலத்தைக் காட்டுவதற்கு என்று துறைகள் தாமே வைக்கலாம், அதற்கு எவருடைய ஆணையும் வேண்டியதில்லை.

போன வாரம் அதே மாணவி கைப்பேசியுடன் வந்தார். "ஒரு எடத்துல 401, இன்னொரு எடத்துல 402ன்னு போட்டிருக்குங்கய்யா, எது சரி?" விடை நமக்குத் தெரியும். சொல்லாமல், நூலகத்திலிருந்து உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பின் மறு அச்சை எடுத்து வந்து எண்ணிப் பார்க்கச் சொன்னோம். கடவுள் வாழ்த்தில் விரலை வைத்துக்கொண்டு, "இதையும் சேத்தா எண்ணணும்?" என்று கேட்டார்.